சலாம் சொன்ன பிறகுதான் பகடை

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மேல் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நாம் நான்கு பேரும் எத்தனை நாடுகளைப் பிடித்திருப்போம், எத்தனை கோட்டைகளைக் கைவிட்டிருப்போம்! ஓய்வு பெற்ற மூன்று டீச்சர்களும் ஒரு நர்சும் பெரம்பலூரில் உட்கார்ந்துகொண்டு பழைய காலத்துப் போர்களை அட்டையில் திரும்ப நடத்துகிறோம் என்று உங்கள் வீட்டு மாப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். போன வாரம் புதுப் பெட்டியைப் பிரித்தபோது நம் நர்சம்மா என்னிடம் கேட்டார்: "இங்கிலீஷ் டீச்சர் நீங்க. நீங்க மட்டும் ஏன் ரூல்ஸ் புக்கைத் தொடவே மாட்டேங்குறீங்க?" நான் அடுப்பில் பால் வைத்ததுபோல் எழுந்து உள்ளே போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அப்பா லப்பைக்குடிக்காட்டில் போஸ்ட் மாஸ்டர். போஸ்ட் ஆபீசின் பின்கட்டுதான் எங்கள் வீடு. அந்த ஊரில் பாதி வீடுகளில் ஆண்கள் இருக்க மாட்டார்கள். சபுராளிகள் என்பார்கள் அவர்களை, கடல் தாண்டிச் சம்பாதிக்கப் போனவர்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இரண்டு மாத லீவில் வருவார்கள். அவர்களுக்குப் போகும் கடிதங்களின் உறைமேல் அரபு நாட்டு விலாசத்தை இங்கிலீஷில் எழுதித் தருவது நான். பெண்கள் முந்தானையில் உறையை மறைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வருவார்கள். "போஸ்ட் மாஸ்டர் பொண்ணு எழுதுனா அச்சடிச்ச மாதிரி இருக்கு" என்பார்கள். அந்தப் பேச்சு எனக்கு நன்றாகத் தலைக்கு ஏறியிருந்தது.

என் கூட்டாளி அடுத்த தெருக்காரி. ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அப்பாவை அவள் அத்தா என்பாள். அவரும் சபுராளிதான். 'கம்பெனியில சூப்பர்வைசர்' என்று தெருவில் சொல்வார்கள். அந்த வருடம் பள்ளிக்கூடம் கோடை விடுமுறை விட்டு நான்காம் நாள் அவர் வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர். கையில் முழங்கைக்குக் கீழே ஒரு பழைய தீக்காயத் தழும்பு. நான் அவரை மாமா என்றும் அவர் மனைவியை அத்தை என்றும் கூப்பிடுவேன்.

சபுராளி வீட்டில் பெட்டி பிரிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் வாசனைதான் வரும். சோப்பு, அத்தர், கோடாலித் தைலம், புதுக் கம்பளி எல்லாம் ஒன்றாகக் கலந்து, நடுக்கூடத்தில் நிற்கிற எல்லோருடைய மூக்கிலும் ஏறும். அத்தைக்குச் சேலை, பாட்டரியில் ஓடும் டேப் ரிக்கார்டர், பால்பவுடர் டின்கள் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கடைசியில் கம்பளிக்கு அடியிலிருந்து மூலைகளில் டேப் ஒட்டிய ஒரு அட்டைப்பெட்டியை எடுத்தார். மூடியில் கோணல் தொப்பி வைத்த ஒரு தளபதி வெள்ளைக் குதிரைமேல் உட்கார்ந்து கத்தியை நீட்டிக்கொண்டிருந்தான்.

உள்ளே மடித்த உலகப் படம். ஒவ்வொரு நாடும் துண்டு துண்டாக, ஒவ்வொரு கண்டமும் ஒரு நிறம். சிவப்பு, நீலம், பச்சை, கறுப்புப் படைகள், விரல் நகம் அளவு பிளாஸ்டிக் குதிரைகள், பீரங்கிகள், ஐந்து பகடைகள். பச்சைப் படையில் பாதி காணாமல் போயிருந்தது. அதற்குப் பதிலாக ஒரு சின்ன டப்பாவில் கொண்டைக்கடலை வைத்திருந்தார்.

அத்தைக்குப் பிடிக்கவில்லை. "பொட்டப் புள்ளைக்கு எதுக்குங்க சண்ட வெளாட்டு?"

"இன்னும் ஒரு வருசமோ ரெண்டு வருசமோ. அப்பறம் வூட்டுக்குள்ளதான இருக்கப் போவுது? உள்ள உக்காந்துக்கிட்டே ஊரு உலகத்தப் பாக்கட்டும்" என்றார் மாமா.

பெரிய பெண்ணானதும் வெளியே விடமாட்டார்கள் என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அதற்காக ஒரு தகப்பன் முன்கூட்டியே யோசித்து, ஒரு உலகத்தையே மடித்துப் பெட்டியில் வைத்து எடுத்து வந்திருக்கிறார் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. பீரங்கிகள் மட்டும்தான் கண்ணில் பட்டன.

அவரே எங்களுக்கு ஆடச் சொல்லிக் கொடுத்தார். அவருக்கு நாடுகளின் பெயர் படத்தில் இருக்கிறபடி தெரியாது. அங்கே கம்பெனி கேம்ப்பில் கூடத் தங்கியிருந்தவர்களை வைத்துத்தான் சொல்வார். "இது பட்டான்காரர் ஊரு. கை ரொட்டி மாதிரி இருக்கும் அவருக்கு. இங்கதான் அந்தப் பிலிப்பினோ பையன். சோத்துல மீன் இல்லன்னா அழுவான்." படையை நகர்த்தும்போது அந்தந்த ஊர் ஆள் பேசுகிற மாதிரியே பேசிக் காட்டுவார். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுவோம்.

ஒரு சட்டம் மட்டும் கறாராகச் சொன்னார். இரண்டு படைகள் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிட்டால் உடனே பகடையை எடுக்கக்கூடாது. சண்டைக்கு வருகிறவர் முதலில் நெஞ்சில் கை வைத்துச் சலாம் சொல்ல வேண்டும். எதிராளி பதில் சலாம் சொல்லிவிட்டால் அந்தச் சுற்றில் சண்டை கிடையாது. பதில் சொல்லாமல் பகடையை எடுத்தால்தான் போர்.

"ஏன் மாமா இப்படி?"

"கேம்ப்புல ஒரு தடவ இத வெளாண்டு நெசமாவே அடிச்சிக்கிட்டாங்கம்மா. கட்டில் கால ஒடச்சிட்டாங்க. அதுலேர்ந்து வந்த சட்டம். மீறுனா அன்னைக்கு ராத்திரி சோறு கெடையாது."

"யாரு போட்ட சட்டம்?"

"ஒரு ஆளு" என்று சொல்லிச் சிரித்தார்.

பகல் முழுக்க அதே வேலைதான் எங்களுக்கு. வெளியே வெள்ளாற்று மணல் கொதிக்கும். உள்ளே சிமெண்ட் தரை ஜில்லென்று இருக்கும். குப்புறப் படுத்துக்கொண்டு ஆடி ஆடி என் முழங்கையில் தோல் கறுத்துப் போனது. ஒரு நாள் வேன் வைத்து எங்களை ரஞ்சன்குடிக் கோட்டைக்குக் கூட்டிப் போனார். அத்தை தூக்குச் சட்டியில் சோறும் வறுத்த கறியும் எடுத்து வந்தார். கோட்டைச் சுவர்மேல் ஏறி நின்றால் ரோடு கோடு போட்டதுபோல் தெரிந்தது. லாரிகள் பாடாலூர்ப் பக்கம் ஊர்ந்து போய்க்கொண்டிருந்தன.

"எதிரி எந்தப் பக்கத்துலேர்ந்து வருவான்? சொல்லுங்க பாப்பம்" என்றார்.

அவள் ரோட்டைக் காட்டினாள். நான் பின்பக்கத்து முள்காட்டைக் காட்டினேன். "ரெண்டு பேரும் என் தளபதிங்கதான்" என்று எங்கள் இருவர் தலையிலும் கை வைத்தார். அவள் தன் தலைமேல் இருந்த கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுவர் முழுக்க நடந்தாள். மகளும் தகப்பனும் அப்படி நடந்ததை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

இனி என் பங்கு. ஆட்டத்தில் நான் தோற்றுக்கொண்டே இருந்தேன். அவளும் அவள் அத்தாவும் மாற்றி மாற்றிச் சலாம் சொல்லிக்கொள்வார்கள். நான் நெஞ்சில் கை வைக்கும்போது பதில் சலாம் வந்துவிடும். என் பீரங்கிகள் சும்மா நிற்கும். என்னை எதிர்க்க வரும்போது நான் வீம்புக்குப் பகடையை எடுப்பேன், தோற்பேன். வகுப்பில் எப்போதும் முதலாவதாக வருகிறவள் கொண்டைக்கடலைப் படையிடம் தோற்பதா? பெட்டிக்குள் ஒரு விதிப் புத்தகம் இருந்தது. முழுக்க இங்கிலீஷ். ஒரு நாள் அதை வீட்டுக்கு எடுத்துப் போகிறேன் என்று கேட்டேன்.

"எடுத்துட்டுப் போம்மா. படிச்சிட்டு வந்து எங்களுக்கும் சொல்லு" என்று சந்தோஷமாகவே கொடுத்தார்.

மூன்று நாள் அப்பாவுடைய அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். சலாம் என்று ஒரு விதி அதில் எங்கேயும் இல்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை முடிந்த பிறகு போனேன். அத்தையின் தம்பி வந்திருந்தார். அவரும் சபுராளி, லீவில் வந்தவர். நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு எங்கள் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் சுற்றிலேயே மாமா நெஞ்சில் கை வைத்தார். நான் அதற்குத்தான் காத்திருந்தேன்.

"மாமா, அப்படி ரூலே கெடையாது."

"கெடையாதா?"

"சண்ட ரூல் எல்லாம் இந்தப் பக்கத்துல இருக்கு. நீங்களே படிங்க."

புத்தகத்தை வாங்கினார். பிரித்த பக்கத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். அவருடைய கண் ஒரே இடத்தில் நின்றது; வரிமேல் ஓடவில்லை. அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் பேசினேன் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

"எழுத்து பொடியா இருக்கும்மா. கண்ணாடி எங்கியோ வச்சிட்டேன்."

"நீங்க கண்ணாடி போடறதில்லயே அத்தா" என்றாள் அவள், வெகுளியாக.

"பெரிய எழுத்துதான் மாமா. உங்களுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதா?" என்றேன் நான்.

டீ குடித்துக்கொண்டிருந்தவர் கிளாசைக் கீழே வைத்தார். "என்ன மச்சான், கம்பெனியில சூப்பர்வைசர்னு சொன்னாங்க?"

மாமா புத்தகத்தை மூடினார். "கிச்சன்ல" என்றார்.

"கிச்சன்னா? சமையலா?" என்று கேட்டாள் அவள்.

"ஆமாம்மா. கேம்ப்புக்கு ஆக்கிப் போடுறேன்."

கதவருகே நின்றிருந்த அத்தை முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். மாமா எழுந்தார். "புள்ள சொல்றதுதான் சரி. புக்குல இருக்கறபடி வெளாடுங்க. எனக்குத் தொழுகைக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கிப் போனார். அவர் போய் வெகு நேரம் கழித்துத்தான் பள்ளிவாசலில் அடுத்த தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள்.

அன்றைக்கு நான் ஜெயித்தேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னபோது அவர் கண்டிக்கவில்லை. "ரூல்னா ரூல்தான். பெரியவங்க தப்புப் பண்ணாலும் தைரியமா எடுத்துச் சொல்லணும்" என்றார். என் இங்கிலீஷைப் பற்றி அவருக்கு அவ்வளவு பெருமை. மறுநாள் போஸ்ட் ஆபீசில் இரண்டு மூன்று பேரிடம் அந்தக் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். மகளை மெச்சத்தான் சொன்னார், அந்த மனிதரை இழிவுபடுத்த அல்ல. ஆனால் போஸ்ட் ஆபீசில் சொன்னது ஊரில் சொன்னது மாதிரி. ஒரு வாரத்தில் தெருப்பிள்ளைகள் அவளை 'கிச்சன் சூப்பர்வைசர் பொண்ணு' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

ஆக்கிப் போடுவதில் என்ன கேவலம் என்று இன்றைக்கு நாம் கேட்போம். அந்த வயதில் அவளுக்கு அப்படிக் கேட்கத் தெரியவில்லை. அத்தா பொய் சொல்லிவிட்டார் என்பது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். மிச்சம் இருந்த மூன்று வாரமும் நாங்கள் இருவரும் புத்தகத்தில் இருந்தபடி ஆடினோம். அவர் கூடத்தைக் கடக்கும்போது ஒரு நொடி நிற்பார். அவள் தலையைத் தூக்க மாட்டாள். நானும் தூக்கவில்லை. பிறகு அவர் கூடத்துப் பக்கம் வராமல் பின்வாசல் வழியாகவே போய்வர ஆரம்பித்தார்.

அவர் திரும்பிப் போன பிறகு பெட்டியைத் திறந்தால் விதிப் புத்தகத்தைக் காணோம். எலி இழுத்திருக்கும் என்று நினைத்தோம். எனக்குத்தான் எல்லாம் மனப்பாடம் ஆயிற்றே, அதனால் தேடக்கூட இல்லை.

அந்தக் காலத்தில் சபுராளிகளுக்குக் கடிதத்தோடு கேசட்டும் அனுப்புவார்கள். வீட்டில் உள்ளவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பேசிப் பதிந்து, அந்த நாட்டுக்குப் போகிறவர் யார் கையிலாவது கொடுத்துவிடுவார்கள். நான் போயிருந்த ஒரு நாள் அத்தை டேப் ரிக்கார்டரை அவள் பக்கம் தள்ளி, "ஒரு வார்த்த பேசும்மா, அத்தா ஏங்கிப் போயிருவாரு" என்று கெஞ்சினார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டேப் சுற்றிக்கொண்டே இருந்தது. தெருவில் ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். அந்த மணிச் சத்தத்தைத்தான் அவர் அங்கே போட்டுக் கேட்டிருப்பார்.

அடுத்த வருடம் அவள் படிப்பு நின்றது. அப்பாவுக்கு அரியலூருக்கு மாற்றல் வந்தது. அட்டை, குதிரைகள், கடலை டப்பா எல்லாம் என்ன ஆயிற்று என்று தெரியாது. எங்களுக்குள் கடிதம் மட்டும் நிற்கவில்லை. பத்தொன்பது வயதில் அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு மலேசியாவில் கடை. அங்கேயே போய்விட்டாள்.

நான் பி.எட். படித்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அரியலூர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். "போஸ்ட் மாஸ்டர் பொண்ணுதான?" என்று ஒரு குரல். திரும்பினால் மாமா. மூச்சு வாங்கியது அவருக்கு. அங்கே வேலையை விட்டு ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டாராம். அவர் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் கொடுத்தார்.

"அந்தப் புக்க நான்தாம்மா எடுத்துட்டுப் போனேன்" என்றார். "மலையாளத்து ஆளு ஒருத்தரு, எங்கூட ரூம்ல இருந்தாரு. தெனம் அரை மணி நேரம் சொல்லிக் குடுத்தாரு. ஏ பி சி டிலேர்ந்து. அந்த ஒரு புக்க முடிக்க எனக்கு நாலு வருசம் ஆச்சு."

நான் தலையை ஆட்டினேன்.

"நீ சொன்னது கரெக்டும்மா. சலாம் அதுல இல்லதான்." சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்கூட்டாளிக்கு லெட்டர் போடுறியா?"

"போடுறேன் மாமா."

"அத்தாவுக்கு இப்பப் படிக்க வரும்னு எழுதும்மா. நானே எழுதுனா என்னமோ மாதிரி இருக்கும். எங்கிட்ட அது அவ்வளவா பேசறதில்ல. நீ எழுதுனா நம்பும்."

"எழுதுறேன் மாமா."

பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்த பிறகு எட்டிப் பார்த்தேன். கூட்டத்தில் ஆளைக் காணவில்லை.

அந்த வாரமே அவளுக்கு நான்கு பக்கம் கடிதம் எழுதினேன். கல்லூரி, ஹாஸ்டல் சாப்பாடு, அரியலூரில் மொட்டைமாடித் துணியில் படியும் சிமெண்ட் தூசி, எல்லாம் எழுதினேன். அவர் சொன்னதை எழுதவில்லை. அதை எழுதினால் அந்த வெள்ளிக்கிழமையையும் எழுத வேண்டும். நான் என்ன கேட்டேன் என்பதையும் எழுத வேண்டும். அடுத்த கடிதத்தில் எழுதிக்கொள்ளலாம் என்று உறையை ஒட்டினேன். அடுத்ததிலும் எழுதவில்லை. பிறகு கடிதங்கள் குறைந்தன. எனக்கும் கல்யாணம், வேலை, பிள்ளைகள். மாமா மௌத்தாகிவிட்டார் என்ற செய்தி, மண்ணில் வைத்து மூன்று மாதம் கழித்து என் காதுக்கு வந்தது.

என் கூட்டாளி இந்த வருடம் ஊருக்கு வந்துவிட்டாள். கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் அங்கேயே இருக்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு முன் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தாள். நம் மேசையில் போன ஆட்டம் கலைக்காமல் கிடந்தது. படைகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நானே ஆரம்பித்தேன். அன்றைக்கு உங்கள் அத்தாவை நான் அப்படிக் கேட்டிருக்கக்கூடாது என்றேன்.

"நீ என்ன கேட்ட? எனக்கு ஞாபகமே இல்லடி" என்றாள். "நான் கேட்டதுதான் ஞாபகம். சமையலான்னு கேட்டேன் பாரு. அவரு மொகம் போன போக்கு. மலேசியாவுலேர்ந்து போன் பண்ணுவேன். அவரு எடுத்தா, 'அம்மாட்ட குடுங்க'ம்பேன். என்ன பேசறதுன்னே தெரியல. அவரு இன்னும் கோவமா இருக்காருன்னே நெனச்சிக்கிட்டு இருந்துட்டேன்."

அப்போதுதான் பஸ் ஸ்டாண்டைச் சொன்னேன். பெஞ்சு, புத்தகம், மலையாளத்து ஆள், நாலு வருடம், எழுதச் சொன்னது, நான் எழுதாதது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். அவள் அழவில்லை.

"இது எப்ப?"

"நான் பி.எட். படிக்கறப்ப."

விரல்விட்டு எண்ணினாள். "எம் பெரியவன் பொறக்கல அப்ப." இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தாள். "அதுக்கப்பறம் பதினோரு வருசம் இருந்தாருடி."

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். கையை மடியில் வைத்துக்கொண்டாள். காபி ஆறி ஏடு கட்டியது. திட்டுவாள், எழுந்து போய்விடுவாள் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அன்னைக்கு அத்தா என்ன சட்ட போட்டிருந்தாரு?"

யோசித்தேன். அவருடைய மூச்சுச் சத்தம் நினைவிருக்கிறது, கையில் இருந்த தழும்பு நினைவிருக்கிறது. சட்டை நினைவில்லை. அவர் பேசும்போது நான் அவரை முழுதாகப் பார்க்கவே இல்லை. பஸ் வருகிறதா என்று ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வெள்ளச் சட்ட" என்றேன்.

"அத்தாவுக்கு வெள்ள நல்லா இருக்கும்" என்றாள் அவள்.